கோபுரத்திலிருந்து: அமெரிக்க வானத்தைச் செப்பனிட யாரைக் கேட்க வேண்டும்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், சென்னை விமான நிலையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

அமெரிக்கா தன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறையை அடியோடு மாற்றப்போவதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். பிள்ளைகள் அங்கே, பெற்றோர் இங்கே என்று வாழும் வீடுகள் நம் ஊரில் பெருகிவிட்டன போலிருக்கிறது. கடிதங்கள் குவிந்துவிட்டன. மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும். இந்த இதழ் முழுவதும் அதற்கே.

அமெரிக்காவில் விமானங்களைக் கட்டுப்படுத்தும் இடங்களில் இன்னமும் ஃப்ளாப்பி வட்டும் காகிதத் துண்டுகளும் புழங்குவதாக என் மகன் சொல்கிறான். கேலி செய்கிறானா, உண்மையா?
*கே.எஸ்., கும்பகோணம்*

உண்மைதான். அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் அப்போதைய பொறுப்புத் தலைவரே 2025 ஜூனில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, இனி ஃப்ளாப்பியும் காகிதப் பட்டிகளும் இருக்காது என்று சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டது. மொத்தம் 138 கட்டுப்பாட்டு அமைப்புகள். அவற்றில் 51 இனி பராமரிக்கவே முடியாத நிலையில் இருக்கின்றன. 54 அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றுக்கு உதிரி பாகம் செய்பவர்களே இல்லை.

ஆனால் உங்கள் மகன் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் நான் சேர்ந்து சிரிக்க மாட்டேன். ஒரு விரல் அகலம், ஏறக்குறைய ஒரு சாண் நீளம், அவ்வளவுதான் அந்தப் பட்டி. விமானத்தின் அழைப்புக் குறி, ரகம், பறக்கும் உயரம், எந்தப் புள்ளியை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிளாஸ்டிக் பிடியில் செருகிச் சாய்வான பலகையில் வரிசையாக அடுக்குவோம். புதிய உயரத்துக்கு அனுமதி கொடுத்தால் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய எண்ணை எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால் அந்த இரண்டு பட்டிகளையும் வரிசையிலிருந்து சற்று வெளியே இழுத்து வைப்போம். பலகையைப் பார்க்கும் எவர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். மின்சாரம் போனாலும் பட்டி அப்படியே நிற்கும். அதே வசதியைத் திரையில் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்பதை அமெரிக்கர்கள் பல நூறு கோடி டாலர் செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

ஃப்ளாப்பிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

2025 ஏப்ரல் கடைசியில் நெவார்க்கிலிருந்து நாங்கள் சென்னைக்குக் கிளம்ப இருந்தோம். பல மணி நேரம் உட்கார்ந்தும் காரணம் சொல்ல ஆளில்லை. திரை இருண்டுவிட்டது என்று பிறகு செய்தியில் படித்தோம். எங்கள் உயிருக்கு ஆபத்து இருந்ததா ஐயா?
*வாசகி ஒருவர், எடிசன், நியூ ஜெர்சி*

தரையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு இல்லை, அம்மா. மேலே இருந்தவர்களுக்கு இருந்திருக்கலாம்.

நெவார்க்கைச் சுற்றியுள்ள வானத்தை முன்பு நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து கட்டுப்படுத்தினார்கள். அங்கே ஆள் பற்றாக்குறை. அதனால் 2024 ஜூலையில் அந்தப் பொறுப்பை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். ஆட்கள் மாறினார்களே தவிர, ரேடார் தகவல் பழையபடி நியூயார்க்குக்குப் போய், அங்கிருந்து தொலைத்தொடர்புக் கம்பி வழியாகத்தான் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. ஏப்ரல் 28 அன்று அந்தத் தொடர்பு அறுந்தது. ஏறக்குறைய தொண்ணூறு விநாடி திரையிலும் ஒன்றுமில்லை, வானொலியிலும் குரல் இல்லை. மே 9 விடியற்காலையில் மறுபடியும் அதே கதை.

தொண்ணூறு விநாடிதானே என்று தோன்றும். இறங்க வரும் ஜெட் விமானம் அந்த நேரத்தில் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்தப் பகுதியில் ஒரே உயரத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே வழக்கமாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர். கணக்கு உங்களுக்கே புரியும். விமானங்களுக்குள் ஒன்றை ஒன்று எச்சரிக்கும் கருவி உண்டு, விமானிகளுக்கும் கண் உண்டு. விபரீதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று பணியிலிருந்தவர்களில் சிலர் மன அதிர்ச்சிக்கான விடுப்பில் போனார்கள். அதன் பிறகு இருந்த ஆட்களை வைத்து அத்தனை விமானங்களையும் கையாள முடியவில்லை. அந்த விடுப்பைப் பார்த்து இங்கே சிலர் கிண்டலாக எழுதினார்கள். காதில் ஒலிவாங்கியுடன் இருட்டுத் திரைமுன் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு எழுதியிருக்கலாம்.

பொதுமக்கள் கருத்து கேட்கிறோம் என்று அமெரிக்க அரசு அறிவிப்பதெல்லாம் கண்துடைப்புதானே? நம் ஊர்க் கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு நம்பிக்கை போய்விட்டது.
*பி.ஆர்., விருதுநகர்*

பாதி நேரம் கண்துடைப்புதான். மீதிப் பாதிக்குச் சட்டத்தின் பல் இருக்கிறது.

அங்கே 1946-இல் ஒரு நிர்வாக நடைமுறைச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு துறை புதிய விதியைக் கொண்டுவர நினைத்தால் பொதுவாக வரைவை முதலில் அரசிதழில் வெளியிட வேண்டும். கருத்துச் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். இறுதி விதியை வெளியிடும்போது, வந்த முக்கியமான ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்டிப்போனால் நீதிமன்றத்தில் விதியே அடிபடலாம். ஆகவே அது வாக்கெடுப்பு அல்ல. ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்பினால் துறைக்கு அது ஒரே ஒரு ஆட்சேபம்தான். தனி ஆள் ஒருவர் துறை யோசிக்காத ஒன்றைச் சரியாகச் சுட்டிக்காட்டினால் அதைத் தாண்டிப் போவது கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு. விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளிடமிருந்து அறிந்து, தானே ஒலிபரப்பும் கருவியை 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் பரபரப்பான வான்பரப்பில் கட்டாயமாக்கினார்கள். அந்த விதியின் வரைவு 2007-இல் வந்தது. விமானிகள், சிறு விமானச் சொந்தக்காரர்கள், விமான நிறுவனங்கள் எல்லோரும் எழுதினார்கள். 2010-இல் வந்த இறுதி விதியில் துல்லியத்துக்கான நிபந்தனை சற்றுத் தளர்ந்திருந்தது. கட்டாயம் போகவில்லை. இது வெற்றியா தோல்வியா என்று கேட்டால், நான் வெற்றி என்பேன். எழுதியவர்களில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரேடாரும் செயற்கைக்கோளும் நிபுணர்களின் சமாச்சாரம். அதில் வழியில் போகிற பாமரனிடம் கருத்து கேட்பது நேரவிரயம் அல்லவா?
*ஓய்வு பெற்ற பொறியாளர், சிவகாசி*

ஐயா, உங்களைப் போலத்தான் எஃப்.ஏ.ஏ.வும் நினைத்தது. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில் அதற்கு விலை கொடுத்தது.

2014 செப்டம்பர் 18. அன்றுமுதல் ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்குப் புதிய வழித்தடங்கள். பழைய முறையில் தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையையும் கட்டுப்பாட்டாளரின் குரலையும் நம்பி விமானங்கள் கிளம்பும். ஒன்று இங்கே திரும்பும், இன்னொன்று சற்றுத் தள்ளித் திரும்பும். பறந்த பாதைகளை வரைபடத்தில் போட்டால் விசிறிபோல் விரிந்திருக்கும். சத்தமும் அப்படியே பலர் தலையில் பகிர்ந்து விழும். செயற்கைக்கோள் வழிகாட்டுதல் வந்ததும் எல்லா விமானங்களும் கணினியில் குறித்த அதே புள்ளியில் திரும்பி, அதே கோட்டில் போகத் தொடங்கின. எரிபொருள் மிச்சம், கட்டுப்பாட்டாளருக்குப் பேச்சு குறைவு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே குடியிருப்பவர்? அதுவரை ஊரே பங்கிட்டுக்கொண்ட சத்தம் மொத்தமும் இப்போது அவர் வீட்டுக்கூரை மீது.

அந்தக் கோடு போனது நகரின் பழம்பெருமை வாய்ந்த குடியிருப்புகளின் மேல். வழக்குப் பதிவின்படி, வரலாற்றுச் சிறப்புள்ள 25 குடியிருப்புகளும் கட்டடங்களும், 19 பொதுப் பூங்காக்களும். அவற்றின் மேல் பறக்கும் விமானங்கள் 300 சதவீதம் கூடின. உடனே புகார்கள் கொட்டத் தொடங்கின. எங்களைக் கேட்டீர்களா என்று நகராட்சி கேட்டது. உங்கள் ஊழியர்களிடம் சொன்னோமே என்றது எஃப்.ஏ.ஏ. சொன்னது யாரிடம்? முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத கீழ்நிலை ஊழியர்களிடம். கணினியில் சத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று தானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது விதி. நகராட்சியும் குடியிருப்போரும் அதைத் தாண்டி மாதங்கள் கழித்துத்தான் போனார்கள். காலம் கடந்துவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள் என்றது எஃப்.ஏ.ஏ. சரிசெய்கிறோம், பேசுகிறோம் என்று நீங்கள்தானே அவர்களைக் காத்திருக்க வைத்தீர்கள் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டது. 2017 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று தீர்ப்பு வந்தது: புதிய தடங்கள் சட்டப்படி செல்லாது. 2018-இல் பொதுக்கூட்டங்கள் நடத்தி, மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானங்களைப் பழைய பாதைகளை ஒட்டித் திருப்பிவிட்டார்கள். முதலில் நடத்தியிருக்க வேண்டிய கூட்டங்களை நான்கு ஆண்டு தள்ளி நடத்தினார்கள்.

ரேடார் எந்த அலைவரிசையில் இயங்க வேண்டும் என்று அந்தக் குடியிருப்பில் யாரும் கருத்துச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேல் என்ன போகிறது என்று சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களைவிட நிபுணர் யார்?

கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவர்களிடமாவது கேட்பார்களா? எங்கள் வங்கியில் மென்பொருள் மாற்றியபோது கவுன்டரில் இருந்த எங்களை ஒருவரும் கேட்கவில்லை.
*எம்.எல்., நாகர்கோவில்*

உங்கள் வங்கி அமெரிக்க அரசைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

1996-இல் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வானத்தைக் கையாளும் அறைகளுக்கு 'ஸ்டார்ஸ்' என்ற புதிய திரை முறையை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். சந்தையில் தயாராக இருக்கும் பொருள், அப்படியே எடுத்து வைத்துவிடலாம், நேரமும் பணமும் மிச்சம் என்பது வாதம். அடுத்த ஆண்டு கட்டுப்பாட்டாளர்கள் கைவைத்துப் பார்த்தார்கள். குறைகளைப் பட்டியலிட்டார்கள். திரையில் திறக்கும் சிறு பெட்டி ஒன்று, ஊடுருவிப் பார்க்க முடியாதபடி அடியிலிருக்கும் விமானங்களை மறைத்துவிடுகிறது என்பது அதில் ஒன்று. யோசித்துப் பாருங்கள்: ஏதோ ஒரு விவரத்தைத் தேடிப் பெட்டியைத் திறக்கிறீர்கள், அந்த நேரம் அதற்கு அடியில் இரண்டு விமானங்கள். ஒருநாள் ஒரு கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருப்பார். திருத்தி முடிப்பதற்குள் ஆண்டுக்கணக்கில் தாமதம், செலவும் எகிறியது.

சரி, பாடம் படித்தார்களா? நெடுந்தூர விமானங்களைக் கையாளும் பெரிய மையங்களுக்கு 'ஈராம்' என்ற முறையைக் கொண்டுவந்தபோதும் ஆரம்பக் கட்டத்தில் கட்டுப்பாட்டாளர் சங்கத்தை வெளியே நிறுத்தினார்கள். சால்ட் லேக் சிட்டியிலும் சியாட்டிலிலும் சோதித்தபோது குளறுபடி. முடிவில் நான்கு ஆண்டு தாமதம், 33 கோடி டாலர் கூடுதல் செலவு. 2015-இல்தான் எல்லா இடத்திலும் வந்து சேர்ந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. எண்பதுகளின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்துக்குக் கொடுத்த பெருந்திட்டத்தில், முன்னே சொன்ன காகிதப் பட்டியைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று பேசிப் பேசித் தேவைகளை மாற்றிக்கொண்டே போனார்கள். எதுவும் முடிவாகவில்லை. 1994-இல் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். கேட்பதற்கும் ஒரு கடைசித் தேதி வேண்டும்.

இன்னொன்றை எழுதவே கை வரவில்லை. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் பொடோமாக் ஆற்றின் மேல், இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அந்த விமான நிலையத்தருகே விமானமும் ஹெலிகாப்டரும் அளவுக்கு மீறி நெருங்கிய நிகழ்வுகள் 15,214 என்று விசாரணை அமைப்பு எண்ணிச் சொன்னது. எல்லாம் அரசின் சொந்தப் பதிவிலேயே இருந்தவை. ஹெலிகாப்டர் தடத்தைப் பற்றிக் கோபுரத்தில் வேலை செய்தவர்கள் முன்பே கவலை தெரிவித்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. அங்கே கருத்து வராமலில்லை, வந்த கருத்தை எடுத்துப் படிக்க ஆளில்லை.

தனியாரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?
*தி.ந., கோயம்புத்தூர்*

கனடா 1996-இல் லாபநோக்கற்ற தனி நிறுவனத்திடம் கொடுத்தது, நன்றாகவே ஓடுகிறது. அமெரிக்காவில் 2017-இல் அதே யோசனையை எடுத்துப் பார்த்தார்கள். கட்டணம் கூடும், பெரிய விமான நிறுவனங்களின் கை ஓங்கும் என்று சிறு விமானக்காரர்கள் எதிர்த்தார்கள், மசோதா தேறவில்லை. என்னைக் கேட்டால், யார் முதலாளி என்பதைவிட ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் கையை எதிர்பார்க்காமல் பணம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

புதிய கணினி, புதிய கம்பி எல்லாம் வந்துவிட்டால் இனி விமானங்கள் நின்றுபோகாது என்று நம்பலாமா?
*ஆர்., தஞ்சாவூர்*

பிரிட்டன் மிக நவீனமாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்ட் 28, அங்கே விடுமுறைத் திங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் கணினிக்குள் வந்தது. விமானங்கள் கடக்கும் புள்ளிகளுக்குக் குறியீடு வைப்பது வழக்கம். அந்தத் திட்டத்தில் ஒரே குறியீட்டில் இரண்டு புள்ளிகள்: ஒன்று பிரான்சின் டோவில், இன்னொன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். நடுவே ஏறக்குறைய 4,000 கடல் மைல். விமானம் பிரிட்டன் வானத்தைவிட்டு வெளியேறும் புள்ளியைத் தேடிய மென்பொருள் குழம்பியது. தப்பான தகவல் கொடுப்பதைவிட நின்றுவிடுவதே பாதுகாப்பு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள், நின்றது. மாற்றுக்கணினி பொறுப்பேற்றது. அதிலும் அதே மென்பொருள், அதே திட்டம், அதுவும் நின்றது. இரண்டும் சேர்ந்து 20 விநாடிதான். கோளாறைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர் வீட்டில் இருந்தார். தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாமல் நேரில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் பயணம் கெட்டது.

அதே ஆண்டு ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் விமானிகளுக்கான அறிவிப்பு முறை படுத்ததற்குக் காரணம், அசலையும் காப்புப் பிரதியையும் ஒத்திசைக்கப்போன ஒப்பந்த ஊழியர்கள் கோப்புகளைத் தெரியாமல் அழித்துவிட்டது. அன்று காலை நாடு முழுவதும் புறப்பாடு நின்றது. ஒரே மென்பொருளை இரண்டு பெட்டியில் வைத்துவிட்டு அதற்குக் காப்பு என்று பெயர் சூட்டுவதை மட்டும் யாராவது தடைசெய்தால் நல்லது.

2028-க்குள் முடித்துவிடுவோம் என்கிறார்கள். முடியுமா? இந்தத் தடவை மக்களைக் கேட்டார்களா?
*ஜே.வி., மதுரை*

முடியாது என்பது என் கருத்து. முடித்தால் இதே பக்கத்தில் பாராட்டி எழுதுகிறேன்.

2025 மே 8 அன்று போக்குவரத்துத் துறை அமைச்சர் ஷான் டஃபி திட்டத்தை அறிவித்தார். 4,600 இடங்களில் புதிய ஃபைபர், கம்பியில்லா, செயற்கைக்கோள் இணைப்புகள். 25,000 புதிய வானொலிக் கருவிகள். அறுநூற்றுக்கும் மேற்பட்ட ரேடார்கள் மாற்றம். அறுபதுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் புதிய கட்டுப்பாட்டு மையங்கள். ஜூலையில் நாடாளுமன்றம் 1,250 கோடி டாலர் ஒதுக்கியது. அது முன்பணம், மொத்தம் அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும் என்கிறார்கள். டிசம்பரில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை பெராட்டன் என்ற நிறுவனத்திடம் கொடுத்தார்கள்.

கருத்து கேட்டார்கள், முக்கியமாக விற்பவர்களிடம். உங்களிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு விரைவாகத் தருவீர்கள் என்று தொழில் நிறுவனங்களுக்கு அறிவிப்பு விடுத்தார்கள். செம்புக் கம்பியைப் பிடுங்கி ஃபைபர் போடுவதற்கு ஊரைக் கூட்டிக் கேட்கத் தேவையில்லைதான்; அது நாளைக்கே நடக்கட்டும். ஆனால் புதிய ரேடாரும் புதிய மையமும் வந்தபின் வழித்தடங்கள் மாறும். எந்த மையத்தை மூடி எதோடு சேர்ப்பது என்ற பேச்சு வரும். நெவார்க்கில் பார்த்தோம், ஆளை மட்டும் ஊர் மாற்றினால் என்ன ஆகும் என்று. அந்தக் கட்டத்தில் கேட்காமல் போனால் ஃபீனிக்ஸ் மறுபடியும் வரும், இந்தத் தடவை பல ஊர்களில்.

ஆட்களும் வேண்டும். ஏறக்குறைய 3,000 கட்டுப்பாட்டாளர்கள் குறைவு என்று அமைச்சரே சொல்லியிருக்கிறார். 1981-இல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்டவர்களை அதிபர் ரீகன் ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பள்ளத்தை நிரப்பவே பல ஆண்டுகள் பிடித்தன. கடையில் வாங்கும் பொருளா இது? பயிற்சிப் பள்ளியில் தேறி, ஓர் அறையில் உட்கார்ந்து, அந்த வானம் கைவசமாக ஆண்டுகள் ஆகும். 56 வயதில் ஓய்வு கட்டாயம்.

நம் நாட்டில் இப்படிக் கேட்கும் வழக்கம் உண்டா?
*இல்லத்தரசி, திருநெல்வேலி*

உண்டு, யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. புதிய விமான விதிகளின் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். பெரிய விமான நிலையங்களில் உங்கள் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்தை நிர்ணயிக்கும் 'ஏரா' ஆணையம், ஒவ்வொரு முறையும் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்து கேட்கிறது. பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் விமான நிறுவனங்களும் விமான நிலைய நிறுவனங்களும்தான். பணம் கட்டுவது நீங்கள். அடுத்த முறை உங்கள் விமான நிலையத்துக்கு அறிக்கை வரும்போது ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள்.

2025 நவம்பரில் டெல்லியில் செய்தி பரிமாற்றக் கணினி கெட்டு, பயணத் திட்டங்களைக் கையால் பதிவுசெய்ய நேர்ந்து, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானதை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு இடமில்லை.

நான் இங்கே வேலை விசாவில் இருக்கிறேன், குடியுரிமை இல்லை. அமெரிக்க அரசு கேட்கும் கருத்துக்கு நான் எழுதலாமா? எழுதினால் விசாவுக்குப் பாதகம் வருமா?
*வாசகர், டாலஸ்*

எழுதலாம். வரைவு விதிக்குக் கருத்துச் சொல்லக் குடியுரிமை நிபந்தனை கிடையாது; பெயர் குறிப்பிடாமலும் அனுப்பலாம். பெயர் போட்டால் அது பொதுவெளியில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணையும் வீட்டு எண்ணையும் கடிதத்துக்குள் எழுத வேண்டாம். விசா விஷயத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் கோபுரத்துக்கு வெளியே.

எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பின் எண்ணை மேலே போடுங்கள். எந்தப் பத்தியைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். சத்தம் என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு இடைவெளியில் என்று ஒரு வாரம் குறித்துவைத்து எழுதுங்கள். தாமதம் என்றால் விமான எண், எவ்வளவு நேரம், என்ன காரணம் சொன்னார்கள். வேறு எப்படிச் செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதை ஒரு வரியாவது சேருங்கள். இந்த நிர்வாகமே உருப்படாது என்று தொடங்கும் கடிதத்தில் அதன் பிறகு என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசித் தேதியன்று இரவு பதினொன்றரை மணிக்கு அனுப்ப உட்காராதீர்கள்.

போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் ஏன் தடுமாறுகின்றன என்று கேட்ட குரோம்பேட்டை, பல்லாவரம் வாசகர்களுக்கு அடுத்த இதழில் பதில்.